காகிதம் இல்லாத விமானிகள்: டெக்ஸஸில் நான்கு நாள்

முதல் நாள் – ஹூஸ்டன்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு புகைப்படம். 1944-இல் ஒஹாயோ மாநிலத்தின் லாக்போர்ன் தளத்தில் எடுத்தது. தோல் ஜாக்கெட் போட்ட நான்கு பெண்கள், பாராசூட் பையைச் சுமந்துகொண்டு, பி-17 குண்டுவீச்சு விமானத்திலிருந்து இறங்கி நடந்து வருகிறார்கள். போன மாதம் ஊரிலிருந்து வந்த அம்மா அதை என் மேஜையில் பார்த்துவிட்டு, "இவங்கல்லாம் பிளேன்ல நர்ஸா?" என்று கேட்டார். "ஓட்டிட்டு வந்தவங்கம்மா" என்றேன். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அன்று ராத்திரியே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

இன்று காலை ஹூஸ்டன் ஹாபி விமான நிலையத்தில் இறங்கினோம். அந்தப் பெண்களின் கதை தொடங்கியதும் இதே நிலத்தில்தான். அப்போது இதற்கு ஹூஸ்டன் முனிசிபல் விமான நிலையம் என்று பெயர். 1942 நவம்பரில், அமெரிக்க ராணுவ விமானப் படைக்காகப் பறக்கக் கற்றுக்கொள்ள முதல் வகுப்புப் பெண்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். முப்பது பேர்கூட இல்லை. தங்குவதற்கு விடுதி கிடையாது, சீருடை கிடையாது. ஊருக்குள் வாடகை அறைகளில் தங்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த உடுப்புகளைப் போட்டுக்கொண்டு, கிடைத்த விமானங்களில் பழகினார்கள். இவர்களைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஜாக்குலின் காக்ரன்.

காக்ரனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1906-இல் ஃபுளோரிடாவில், மர அறுவை ஆலைகளை நம்பிப் பிழைத்த ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பெஸ்ஸி லீ பிட்மன். சிறுமியாக இருக்கும்போதே பஞ்சாலை வேலைக்குப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் திருமணம், ஒரு மகன், அந்த மகனின் மரணம். பிறகு முடி அலங்காரத் தொழில் கற்று, நியூயார்க்கில் பெரிய மனிதர்கள் வரும் அழகு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இருந்த காலத்தில் பழக்கமான செல்வந்தர் ஃபிளாய்ட் ஓட்லம், அழகுப் பொருள் வியாபாரம் செய்ய வேண்டுமானால் ஊர் ஊராகப் பறந்து போனால்தான் முடியும் என்றார். 1932-இல் மூன்றே வாரத்தில் விமானி உரிமம் வாங்கினார் காக்ரன். 1938-இல் கண்டத்தைக் கடக்கும் பெண்டிக்ஸ் பந்தயத்தில் ஆண்களையெல்லாம் தாண்டி முதலாவதாக வந்தார். ஓட்லமைத் திருமணமும் செய்துகொண்டார்.

போர் ஐரோப்பாவில் வெடித்த 1939 செப்டம்பரிலேயே, ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். போர்க்களத்துக்குப் போகாத விமான வேலைகளைப் பெண்களிடம் கொடுங்கள், ஆண் விமானிகள் சண்டைக்குப் போகட்டும் என்பதுதான் சாரம். யாரும் உடனே கேட்கவில்லை. 1941-இல் ஹட்சன் குண்டுவீச்சு விமானத்தை அட்லாண்டிக் கடலைத் தாண்டி பிரிட்டனுக்கு ஓட்டிச் சென்றார். குண்டுவீச்சு விமானத்தோடு அந்தக் கடலைக் கடந்த முதல் பெண் அவர்தான். அடுத்த ஆண்டு 25 அமெரிக்கப் பெண் விமானிகளை பிரிட்டனின் விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்குப் பிறகுதான் படைத் தளபதி ஹாப் ஆர்னால்ட் ஹூஸ்டன் பயிற்சிக்குச் சம்மதம் கொடுத்தார்.

1940-இல் கட்டிய பழைய முனையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. வெள்ளை வெளேரென்று, படி படியாக உயரும் அழகான கட்டடம். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே ஐந்து நிமிடத்துக்கு ஒரு விமானம். 1943 மார்ச் 7 அன்று இந்த ஊரில்தான் மார்கரெட் ஓல்டன்பர்க் என்ற பயிற்சி மாணவி, தன் ஆசிரியரோடு விமானம் விழுந்து இறந்தார். பயிற்சியில் போன முதல் உயிர்.

ஹாபி என்ற பெயரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். இந்த நிலையத்துக்கு முன்னாள் ஆளுநர் வில்லியம் ஹாபியின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் மனைவி ஓவெட்டா கல்ப் ஹாபி. அமெரிக்கத் தரைப்படையின் பெண்கள் பிரிவான வாக் என்ற அமைப்பின் முதல் தலைவி.

இரண்டாம் நாள் – சாலை

ஹூஸ்டனிலிருந்து ஸ்வீட்வாட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேலான கார்ப் பயணம். டெம்பிள், கேட்ஸ்வில், ஹாமில்டன், கமான்சி என்று 36-ஆம் எண் சாலையில் போனோம். பச்சை மெல்ல மெல்லக் குறைந்து, சிவப்பு மண்ணும் முள் மரமுமாக மாறியது. "நம்ம ஊர் கருவேலங்காடு மாதிரி இருக்கே" என்றார் அம்மா. மெஸ்கீட் மரம் பார்க்க அப்படித்தான் இருக்கிறது. நம் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். எலுமிச்சைச் சாதத்தைச் சாலையோர ஓய்விடத்தில் சாப்பிட்டோம்.

அபிலீன் தாண்டி மேற்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் மெர்க்கல் என்ற பெயர்ப் பலகை வரும். சின்ன ஊர். வண்டியை நெடுஞ்சாலையிலிருந்து இறக்கி ஓரமாக நிறுத்தினேன்.

இந்த ஊருக்குத் தெற்கே, வயல் வெளியில், 1943 மார்ச் 21 அன்று கார்னீலியா ஃபோர்ட் விழுந்தார். அவர் காக்ரனின் மாணவி இல்லை. 1942 செப்டம்பரில் நான்ஸி ஹார்க்னெஸ் லவ் என்பவர் டெலவேர் மாநிலத்தில் தனியாக ஒரு சிறு பெண் விமானிக் குழுவைத் தொடங்கியிருந்தார். ஏற்கெனவே நல்ல அனுபவம் உள்ளவர்களை மட்டும் எடுத்து, தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்கு விமானம் கொண்டுபோய்ச் சேர்க்கும் குழு. கார்னீலியா அதைச் சேர்ந்தவர். நாஷ்வில் நகரத்துப் பணக்கார வீட்டுப் பெண். 1941 டிசம்பர் 7 காலையில் ஹவாயில் ஒரு மாணவருக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு விமானம் முட்டுவது போல வந்தது. கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கி மேலே ஏற்றினார். கீழே போன விமானத்தின் இறக்கையில் சிவப்புச் சூரியன். பேர்ல் ஹார்பர் மீது குண்டு விழுவதை வானத்திலிருந்து கண்ணால் பார்த்தவர் அவர்.

அதையெல்லாம் தப்பித்து வந்த பெண், எதிரியே இல்லாத டெக்ஸஸ் வானத்தில் இறந்தார். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சிலிருந்து டல்லஸ் லவ் ஃபீல்டுக்கு பி.டி.-13 பயிற்சி விமானம் ஒன்றைக் கொண்டுபோகும் வழியில், கூடப் பறந்த ஓர் ஆண் விமானியின் விமானச் சக்கரம் இவருடைய இறக்கையில் இடித்தது. வயது 24. அமெரிக்க ராணுவப் பணியில் இறந்த முதல் பெண் விமானி. நாட்டுக்கான பணியில் உயிரிழந்தவர் என்று கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். ஆனால் அன்றைய அரசுக் கணக்கில் அவர் சிப்பாய் இல்லை. சிவிலியன் ஊழியர்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது காற்று கார்க் கண்ணாடியில் மணலை அள்ளி வீசியது. இங்கே காற்று நிற்பதே இல்லை. "டல்லஸ் இங்கேருந்து எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டார். கார்னா மூணு மணி நேரம்மா என்றேன்.

மூன்றாம் நாள் – ஸ்வீட்வாட்டர்

காலையில் ஜன்னலைத் திறந்தால் அடிவானம் முழுக்கக் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் பார்த்ததைவிடப் பெரிய கூட்டம். பெண்கள் இங்கே வந்த 1943-இல் இதே காற்றுதான், காற்றாலை மட்டும் இல்லை. ஹூஸ்டனில் மூடுபனியும் நெரிசலும் தொல்லை கொடுத்ததால், பயிற்சியை அந்த ஆண்டு இந்த வறண்ட ஊருக்கு மாற்றினார்கள். ஊருக்கு மேற்கே இருக்கும் அவெஞ்சர் ஃபீல்டு கிட்டத்தட்ட முழுக்கப் பெண்களுக்கான ராணுவப் பறப்புப் பள்ளி ஆனது. பக்கத்துத் தளங்களின் ஆண் பயிற்சி விமானிகள் "அவசரத் தரையிறக்கம்" என்று சொல்லிக்கொண்டு இங்கே வந்து இறங்க ஆரம்பித்தார்கள். காக்ரன் உண்மையான ஆபத்தைத் தவிர வேறு யாரும் இறங்கக் கூடாது என்று தளத்தையே மூடிவிட்டார். காக்ரனின் கன்னிமாடம் என்று இதற்குப் பெயர் வந்தது.

இப்போது பழைய விமானக் கொட்டகை ஒன்றில் அருங்காட்சியகம் நடக்கிறது. பெரிய தகரக் கூரை, அதன் கீழே பயிற்சி விமானங்கள், சுவரெல்லாம் முகங்கள்.

எனக்கு இங்கே பிடித்தது தங்கும் அறையை அப்படியே அமைத்து வைத்திருக்கும் இடம். ஒரு கூடத்தில் ஆறு கட்டில். இரண்டு கூடத்துக்கு நடுவே ஒரு குளியலறை. பன்னிரண்டு பேருக்கு அது ஒன்றுதான். பறக்கும்போது போட்டுக்கொள்ள ஆண் மெக்கானிக்குகளின் முழு உடுப்பைக் கொடுத்தார்கள். எல்லாம் பெரிய அளவு. கையையும் காலையும் மடித்து மடித்துச் சுருட்டி, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த உடுப்போடேயே ஷவரின் கீழ் நின்று சோப்புப் போட்டுத் தேய்த்துத் துவைப்பார்களாம். தலைமுடி பறக்கக் கூடாது என்று வெள்ளைத் துணியால் தலையைச் சுற்றிக் கட்டச் சொன்னார் தளத்தின் அதிகாரி மேஜர் அர்பன். அந்த முண்டாசோடு வரிசையாக நிற்கும் படத்தைப் பார்த்ததும் அம்மா, "நாத்து நட வந்தவங்க மாதிரி இருக்காங்க" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெயிலில் வேலை செய்ய வந்தவர்களின் முகம்.

25,000-க்கு மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தார்கள். 1,830 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்கள் 1,074. பயிற்சி என்றால் ஆண்களுக்குக் கொடுத்த அதே பாடம்: மூன்று கட்ட விமானங்கள், கண்ணை மூடிய மாதிரி கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது, இரவுப் பறப்பு. பயிற்சிக் காலத்தில் மாதம் 150 டாலர், அதில் சாப்பாட்டுக்கும் அறைக்கும் பிடித்துக்கொள்வார்கள். 1943 ஆகஸ்டில் லவ்வின் குழுவையும் காக்ரனின் குழுவையும் ஒன்றாக்கி வாஸ்ப் என்று பெயரிட்டார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் குளவி என்றும் பொருள். முழு அமைப்புக்கும் காக்ரன் தலைவர், விமானம் கொண்டுசேர்க்கும் வேலைக்கு லவ் பொறுப்பு.

பயிற்சி முடித்து என்ன செய்தார்கள்? புதிய விமானங்களைத் தளங்களுக்குக் கொண்டுபோனார்கள். பழுது பார்த்த விமானம் சரியாகப் பறக்கிறதா என்று முதலில் ஏறிச் சோதித்தார்கள். பீரங்கிப் பயிற்சியில் இருக்கும் சிப்பாய்கள் சுடுவதற்கு, விமானத்தின் பின்னால் நீளத் துணியைக் கட்டி இழுத்துக்கொண்டு பறந்தார்கள். சுடுவது நிஜத் தோட்டா. சுடுகிறவர் அன்றைக்குத்தான் கற்றுக்கொள்கிறவர். வால் பகுதியில் ஓட்டையோடு இறங்கிய விமானங்கள் உண்டு. பி-29 என்ற ராட்சச விமானத்தின் எஞ்சின் தீப்பிடிக்கிறது என்று ஆண் விமானிகள் தயங்கியபோது, பால் டிபெட்ஸ் என்ற அதிகாரி இரண்டு வாஸ்ப் பெண்களைத் தேடிப் பிடித்தார். டோரா டோகர்ட்டி, டோரத்தியா ஜான்சன் மூர்மன். மூன்றே நாள் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் தளம் தளமாக அதை ஓட்டிக் காட்டிய பிறகு ஆண்கள் வாயைத் திறக்கவில்லை. மொத்தத்தில் வாஸ்ப் பெண்கள் பறந்தது 6 கோடி மைல்.

வெளியே, பக்கத்துக் கல்லூரி வளாகத்தில், வட்டமான கல் தொட்டி ஒன்று இருக்கிறது. தேர்வுப் பறப்புக்கு முன்னால் இதில் காசு போட்டு வேண்டிக்கொள்வார்கள். முதல் தடவை தனியாகப் பறந்து இறங்கியவரைத் தோழிகள் தூக்கி இதில் போடுவார்கள். தொட்டியை அடுத்து ஒரு வெண்கலச் சிலை, வானத்தைப் பார்த்து நிற்கும் பெண். செய்தவர் டாட் ஸ்வெய்ன் லூயிஸ், அவரும் வாஸ்ப். பக்கத்தில் கல்லில் வகுப்பு வகுப்பாகப் பெயர்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. இறந்தவர்கள் 38 பேர் என்றேன். "செத்தா வீட்டுக்கு என்ன குடுத்தாங்க?" என்று கேட்டார்.

ஒன்றும் கொடுக்கவில்லை. அவர்கள் சிவிலியன்கள், ஆகவே ராணுவ அடக்கம் இல்லை, சவப்பெட்டியின் மேல் கொடி போர்த்தும் உரிமை இல்லை, குடும்பத்துக்கு உதவித்தொகை இல்லை. கூடப் படித்த பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுத்தான் உடலை ஊருக்கு அனுப்பி வைத்தார்கள்.

அம்மா விரலை எடுக்காமல் அப்படியே நின்றார். இருபத்தாறு வருடம் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தவர் அவர். எங்கே என்று எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "நாங்களும் வசூல் பண்ணித்தான் அனுப்புவோம்" என்றார். "மாலை மட்டும் ஆபீஸ்ல வாங்கிக் குடுத்துருவாங்க."

ஹேஸல் யிங் லீயின் பெயரை நான் தேடிக் காட்டினேன். சீன வம்சாவளிப் பெண், போர்ட்லண்டில் பிறந்தவர். 1944 நவம்பரில் மான்டானாவின் கிரேட் ஃபால்ஸில் இறங்கும்போது மேலிருந்து இன்னொரு விமானம் மோதி, இரண்டு நாள் கழித்து இறந்தார். சில நாளில் அவருடைய தம்பியும் பிரான்ஸில் போரில் இறந்தார். இரண்டு பேரையும் புதைக்கக் குடும்பம் தேர்ந்தெடுத்த கல்லறைத் தோட்டத்தில் ஆசியர்களுக்கு இடம் இல்லை என்றார்கள். குடும்பம் போராடித்தான் இடம் வாங்கியது.

காக்ரன் மீது எனக்கு இரண்டு வருத்தம் உண்டு, அதை மறைத்து எழுத மனம் வரவில்லை. ஒன்று, தகுதியுள்ள கறுப்பினப் பெண்களை அவர் எடுக்கவில்லை. ஜேனட் பிராக், மில்ட்ரெட் ஹெமன்ஸ் கார்ட்டர் என்று உரிமம் வாங்கிய விமானிகள் இருந்தார்கள்; இனத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். பெண்களை எடுக்க வைப்பதே பெரும் போராட்டம், இதையும் சேர்த்தால் எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். கதவு மூடிக் கிடந்ததன் வலியை அறிந்தவர் இன்னொருவருக்கு அதே கதவை மூடியதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று ஹாபி சமாச்சாரம். வாஸ்ப் பெண்களை வாக் அமைப்போடு இணைத்து ராணுவத்தினர் ஆக்கிவிடலாம் என்ற பேச்சு இருந்தது. காக்ரன் ஓவெட்டா ஹாபியின் கீழ் போக மறுத்தார். அவர் பக்கமும் நியாயம் உண்டு: வாக் சின்னக் குழந்தை உள்ள தாய்மாரைச் சேர்க்காது, விமானிகளின் தேவையும் அங்கே யாருக்கும் புரியாது. ஆனால் அந்த மறுப்பில் தன் படை தன் கையில் இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன். தனி அமைப்பாகவே ராணுவத்தில் சேர்க்கும் மசோதா 1944 ஜூனில் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. அதற்குள் விமானிகளின் தட்டுப்பாடு குறைந்திருந்தது. பயிற்சிப் பள்ளிகள் மூடப்பட்டு வேலை இழந்த ஆண் ஆசிரியர்கள், எங்கள் இடத்தில் பெண்களா என்று கொதித்தார்கள். பத்திரிகைகளும் அவர்கள் பக்கம். 188-க்கு 169 என்று மசோதா தோற்றது. பத்தொன்பது வாக்கு.

அந்த ஆண்டு டிசம்பர் 7 அன்று கடைசி வகுப்பு இதே மைதானத்தில் பட்டம் வாங்கியது. ஆர்னால்ட் நேரில் வந்து, ஆண்களுக்குச் சமமாகப் பெண்களும் பறக்க முடியும் என்று மனம் திறந்து பாராட்டினார். டிசம்பர் 20 அன்று படை கலைந்தது. அவரவர் செலவில் வீட்டுக்குப் போனார்கள்.

நான்காம் நாள் – டென்டன், டல்லஸ்

காலையில் கிளம்பி, திரும்பவும் மெர்க்கலைக் கடந்து, ஃபோர்ட் வொர்த்திலிருந்து வடக்கே டென்டனுக்குப் போனோம். டெக்ஸஸ் பெண்கள் பல்கலைக்கழகத்தில் வாஸ்ப் ஆவணக் காப்பகம் இருக்கிறது. கடிதங்கள், பறப்புக் குறிப்பேடுகள், வயதான பிறகு பதிவுசெய்த நேர்காணல்கள். கரு நீலச் சீருடையைப் பார்த்து அம்மா, "தையல் நல்லா இருக்கு" என்றார்.

கதையின் மீதியை இங்கேதான் அம்மாவுக்குச் சொன்னேன். ஆவணங்களை ரகசியம் என்று முத்திரை வைத்து முப்பது வருடத்துக்கும் மேல் பூட்டி வைத்ததால், வரலாறு எழுதியவர்களுக்கே இவர்களைத் தெரியவில்லை. 1976-இல், பெண்கள் முதன்முதலாக ராணுவ விமானம் ஓட்டப்போகிறார்கள் என்று விமானப் படை அறிவித்தது. அறுபது வயதை நெருங்கிய வாஸ்ப் பெண்கள் கொதித்தெழுந்தார்கள். ஆர்னால்டின் மகன் புரூஸ் ஆர்னால்ட் துணைக்கு வந்தார். போரில் இவர்களோடு வேலை செய்த செனட்டர் பாரி கோல்ட்வாட்டரும் வந்தார். 1977 நவம்பரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். 33 வருடம் கழித்து அவர்கள் ராணுவத்தினர் ஆனார்கள்.

காக்ரன் அதைப் பார்த்துவிட்டுத்தான் 1980-இல் இறந்தார். இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. 1953 மே 18 அன்று ஒலியின் வேகத்தைத் தாண்டிய முதல் பெண் ஆனார், வயது 47.

2010-இல் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. சக்கர நாற்காலியில் வந்து வாங்கினார்கள். அப்போதும் முடியவில்லை. 2015-இல், ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் வாஸ்ப் பெண்களின் அஸ்திக்கு இடம் இல்லை என்றது ராணுவம். எலைன் ஹார்மன் என்ற வாஸ்ப்பின் அஸ்தி, குடும்பத்தார் வீட்டு அலமாரியில் காத்திருந்தது. பேத்திகள் கையெழுத்து வாங்கினார்கள், சட்டம் மாறியது, 2016 செப்டம்பரில் ராணுவ மரியாதையோடு கொண்டுபோய் வைத்தார்கள்.

"பேத்திக வரைக்கும் அலைஞ்சிருக்காங்க" என்றார் அம்மா. அதன் பிறகு டல்லஸ் வரும்வரை பேசவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் விமானத்தை வேண்டுமென்றே லவ் ஃபீல்டிலிருந்து எடுத்திருந்தேன். இந்த லவ், நான்ஸி லவ் இல்லை; 1913-இல் விமான விபத்தில் இறந்த மாஸ் லவ் என்ற ராணுவ அதிகாரி. ஆனால் கார்னீலியா ஃபோர்ட் வந்து சேர்ந்திருக்க வேண்டிய இடம் இது. அவர் கொண்டுவந்த விமானத்துக்கு இங்கே ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு காத்திருந்திருப்பார்.

சாயங்கால வெயிலில் ஓடுதளம் தகதகத்தது. கண்ணாடிச் சுவரை ஒட்டிய நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்துவிட்டுக் காபி வாங்கி வந்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, அந்த மெர்க்கல் எந்தப் பக்கம்?"

சூரியன் இறங்கிக்கொண்டிருந்த திசையைக் காட்டினேன். எங்கள் வரிசையை அழைக்கும்வரை அம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.